மூன்று பெட்டிகளும் ஒரு பழைய ஆன்டெனாவும்: தரைவழி டிஜிட்டலுக்கு மாறிய ஒரு வீடு

அழைப்பு வந்த நாளில் அந்த வீட்டில் மூன்று செட்-டாப் பாக்ஸ்கள், அலையைக் கூட்டிக்கொடுக்கும் ஒரு பூஸ்டர், ‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று அட்டையில் அச்சிட்ட தட்டையான உள்ளறை ஆன்டெனா ஒன்று, எல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தன. பழைய முறையான அனலாக் ஒளிபரப்பு நிற்க இன்னும் நான்கு வாரம். மூன்று தொலைக்காட்சிகளில் ஒன்றில்கூட டிஜிட்டல் படம் உருப்படியாக வரவில்லை. “இன்னும் எதை வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார் வீட்டின் மகள். செலவுக்கு அவர் தயங்கவில்லை. எதற்காகச் செலவழிக்கிறோம் என்பது புரியாமல்தான் களைத்திருந்தார்.

ஆன்டெனா வேலை செய்பவன் என்ற முறையில் இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றை விரிவாக எழுதக் காரணம், வேறு வீடுகளில் ஒன்றொன்றாக வரும் சிக்கல்கள் இங்கே ஒரே கூரையின் கீழ் கூடியிருந்தன என்பதுதான். அவர்கள் வாங்கிய பொருள்களில் எதுவும் பழுதானதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அலை கூரையில் இறங்கி, கம்பி வழியாக வந்து, பாக்ஸில் நுழைந்து, கடைசியில்தான் திரையைத் தொடுகிறது. அவர்களோ திரையில் தொடங்கிப் பின்னோக்கிப் போனார்கள். கூரைக்குப் போய்ச் சேரவே இல்லை.

வீட்டில் இருந்தவை

தரைத்தளத்துக் கூடத்தில் 2009இல் வாங்கிய 32 அங்குலத் தட்டைத் திரை. அதன் ஓரத்தில் ‘எச்டி ரெடி’ என்ற ஒட்டுச்சீட்டு இன்னும் பளபளப்பாக இருந்தது. வீட்டுப் பெரியவரின் அறையில் 21 அங்குல பிக்சர் டியூப் பெட்டி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று ஏவி துளைகள் உண்டு. பக்கத்திலேயே ஒரு வீடியோ கேசட் ரெக்கார்டர். மாடி அறையில் 14 அங்குலச் சிறிய பெட்டி. அதன் முதுகில் ஆன்டெனா துளை ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கூரையில், தொலைக்காட்சியின் மேல் அதிர்வெண்களைப் பிடிக்கும் ஒரு யு.எச்.எஃப். ஆன்டெனா. அதிலிருந்து ஒரே ஒரு கோஆக்சியல் கம்பி 15 மீட்டர் இறங்கி, மாடிப்படியின் மேற்பகுதியில் இருந்த மூன்று வழி ஸ்பிளிட்டரில் முடிந்தது. அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு கம்பி.

அந்தப் பகுதியில் டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி-டி2 என்ற ஒளிபரப்பு முறையில், எச்.264 என்ற படச் சுருக்க முறையோடு, மூன்று தொகுப்புகளாக வந்துகொண்டிருந்தது. அனலாக்கில் ஓர் அலைவரிசைக்கு ஒரு நிகழ்ச்சிதான். டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் பல சேனல்கள் ஒரே கட்டாக வருகின்றன. அந்தக் கட்டைத்தான் தொகுப்பு என்கிறேன். அது அமரும் எண்ணிட்ட இடத்தைத் தடம் என்கிறேன். முதல் தொகுப்பு யு.எச்.எஃப். 23ஆம் தடத்தில், 490 மெகாஹெர்ட்ஸில். இரண்டாவது 27ஆம் தடத்தில், 522இல். மூன்றாவது 46ஆம் தடத்தில், 674இல். இந்த மூன்று எண்களைக் குறித்துவைத்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் விளங்கும்.

கூடத்துத் திரை: ஒட்டுச்சீட்டு சொல்லாதது

கூடத்தில் இருந்த தொலைக்காட்சியின் மெனுவில் ‘டிஜிட்டல் தேடல்’ என்ற வசதி இருந்தது. அதை ஓட்டினால் பட்டை முழுவதும் நகர்ந்து முடிந்து, கிடைத்த சேனல்கள் பூஜ்யம் என்று நிற்கும். மகள் அதைப் பத்து முறையாவது செய்திருப்பார். “இதில் டிஜிட்டல் இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறது?” என்று கேட்டார்.

எழுதியிருந்தது உண்மை, அது பாதி உண்மை. ‘எச்டி ரெடி’ என்பது திரையைப் பற்றிய சான்று. குறைந்தது 720 வரிகள் கொண்ட படத்தை வெளியிலிருந்து வாங்கிக் காட்ட அந்தத் திரையால் முடியும் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. உள்ளே எந்த ட்யூனர், அதாவது அலையைப் பிடித்துப் படிக்கும் பகுதி, இருக்கிறது என்பது வேறு கேள்வி. பெட்டியின் பின்பக்கத் தகட்டையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தோம்: டிவிபி-டி. டி2 அல்ல.

பெயரைப் பார்த்தால் டி2 என்பது டியின் சற்றே திருத்திய வடிவம் போலத் தோன்றும். அலையைப் பொறுத்தவரை அது முற்றிலும் வேறு மொழி. டி2 ட்யூனர் பழைய டி ஒளிபரப்பையும் படிக்கும்படி செய்யப்படுவது வழக்கம். பழைய ட்யூனருக்கு டி2 ஒளிபரப்பு வெறும் இரைச்சல். அதை மென்பொருள் மாற்றி வென்றுவிட முடியாது. ஆகவே இந்தத் திரைக்கு வெளியிலிருந்து ஒரு பாக்ஸ் வேண்டும். பாக்ஸிலிருந்து திரைக்கு ஓர் எச்டிஎம்ஐ கம்பி போதும். திரையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொன்னதும் மகளின் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியவில்லை. புதிய திரை வாங்கச் சொல்லிவிடுவேன் என்றே பயந்திருந்தார்.

ட்யூனர் சரியாக இருந்தாலும் சுருக்க முறை தவறினால் பயனில்லை. ஜெர்மனி 2017 மார்ச் 29 அன்று தரைவழி ஒளிபரப்பை டிவிபி-டி2க்கு மாற்றியபோது எச்.இ.வி.சி. என்ற புதிய சுருக்க முறையையும் சேர்த்தே கொண்டுவந்தது. எச்.264 மட்டுமே அறிந்த டி2 பாக்ஸ் அங்கே அலையைப் பிடிக்கும், சேனல் பெயர்களைக்கூடப் பட்டியலிடக்கூடும், படம் வராது. எனவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உங்கள் பகுதியில் எந்த ஒளிபரப்பு முறை, எந்தச் சுருக்க முறை? ‘டிஜிட்டல் பாக்ஸ் வேண்டும்’ என்று மட்டும் கேட்பது செருப்பு வாங்கப் போய் அளவு சொல்லாமல் திரும்புவது போன்றது.

கடல் கடந்து வந்த பாக்ஸ்

மூன்று பாக்ஸ்களில் இரண்டு கடையில் வாங்கியவை. இரண்டும் சரியான டி2 பாக்ஸ்கள். மூன்றாவது, அமெரிக்காவில் இருந்த உறவினர் அக்கறையோடு அனுப்பியது. மாடி அறைப் பெட்டியில் ஆன்டெனா துளை மட்டுமே உண்டு என்று கேள்விப்பட்டு, அதற்குப் பொருந்துவதாகவே தேடி எடுத்து அனுப்பியிருந்தார்.

அவர் யோசித்த விதம் சரியானது. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக்கை நிறுத்தியபோது, பழைய பெட்டிகளைத் தொடர்ந்து பயன்படுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள் இரண்டு வரை அரசு கொடுத்தது. கூப்பனுக்குத் தகுதி பெறும் பாக்ஸில் அனலாக் பெட்டியின் ஆன்டெனா துளைக்கே படத்தை அனுப்பும் வெளியீடு, 3 அல்லது 4ஆம் சேனலில், கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய பெட்டி வைத்திருப்பவரை நினைத்துச் செய்த விதி அது; எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் அந்த பாக்ஸ் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறைக்கானது. அந்த முறையில் தடங்கள் 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். அலையில் தகவலை ஏற்றும் வழியே வேறு. ஜப்பானிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐ.எஸ்.டி.பி.-டி, சீனாவில் டி.டி.எம்.பி. என்று உலகம் இதில் பிரிந்துதான் கிடக்கிறது. ஓரிடத்து பாக்ஸ் இன்னோரிடத்தில் மின்விளக்கு எரியும், மெனு வரும், தேடும், ஒன்றும் கிடைக்காது. பழுதில்லாத பொருளைப் பழுது என்று நினைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது இப்படித்தான் நடக்கிறது.

ஏமாற்றிய துளை

அமெரிக்க பாக்ஸ் வேலை செய்யாததால், கடையில் வாங்கிய டி2 பாக்ஸ் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய் இணைத்திருந்தார்கள். அதன் பின்னால் ‘ஆர்.எஃப். அவுட்’ என்று ஒரு துளை. அதிலிருந்து ஒரு கம்பி சிறிய பெட்டியின் ஆன்டெனா துளைக்கு. பாக்ஸை இயக்கினால் திரையில் பழைய அனலாக் சேனல்கள் எப்போதும் போல வந்தன. டிஜிட்டல் ஒன்றுகூட வரவில்லை. பாக்ஸ் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்லவே முடியாது. இன்றைய பாக்ஸ்களில் அந்தத் துளை பெரும்பாலும் ஒரு வழிப்போக்குத் துளை மட்டுமே. ஆன்டெனாவிலிருந்து உள்ளே வந்த அலையை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்திவிடும். பாக்ஸ் உருவாக்கும் படம் அதன் வழியே போகாது. அப்படிப் போக வேண்டுமானால் பாக்ஸுக்குள் அந்தப் படத்தை ஆன்டெனா அலையாக மாற்றும் மாடுலேட்டர் இருக்க வேண்டும், அல்லது தனியாக ஒன்று வாங்கி பாக்ஸின் ஏவி வெளியீட்டை அதில் செருக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை பாக்ஸ் வரும் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டால் எத்தனையோ பாக்ஸ்கள் கடைக்குத் திரும்பி வராமல் இருக்கும்.

தனி மாடுலேட்டர் ஒன்றை வரவழைத்தோம். முதலில் படம் வந்தது. ஒலி வரவில்லை, வெறும் சீறல். அனலாக்கில் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான அலைத் தூரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: பி/ஜி முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ், ஐ முறையில் 6, டி/கே முறையில் 6.5. மாடுலேட்டரின் அடிப்பக்கச் சிறிய சுவிட்ச் 6இல் இருந்தது. இந்தப் பெட்டி 5.5க்கானது. சுவிட்சைத் தள்ளியதும் ஒலி வந்தது.

படம் உடைந்தது எங்கே

இதுவரை சொன்னது இணைப்பு. மெய்யான நோய் வேறு. கூடத்தில் டி2 பாக்ஸைச் சரியாக இணைத்தபோதும் முதல் இரண்டு தொகுப்புகளின் சேனல்கள் வந்தன, உடைந்தன, மறுபடி வந்தன. மூன்றாவது தொகுப்பு தேடலில் தலைகாட்டவே இல்லை. பெரியவரின் அறையில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்தது.

முதல் அரை மணி நேரத்தை நானும் பாக்ஸின் மெனுவில்தான் கழித்தேன். அனலாக் படம் நன்றாக இருந்ததுதான் என்னையும் தடம் மாற்றியது. “இருபது வருடமாகக் குறை சொல்லாத ஆன்டெனா தம்பி” என்று பெரியவர் சொன்னதில் பொய்யில்லை. இரண்டு ஒளிபரப்பும் தேயும் விதம் வேறு என்பதை அங்கேயே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அனலாக் அலை பலவீனமானால் படத்தில் புள்ளிகள் கூடும். இன்னும் குறைந்தால் மழை பெய்வது போல இருக்கும். அப்போதும் ஆள் முகம் தெரியும். கண் பழகிக்கொள்ளும். டிஜிட்டல் அலை, ஏரியில் நிறைந்த நீர் வழியும் கலிங்கு போன்றது. நீர் மட்டம் கலிங்கைத் தொடும்வரை வெளியே சொட்டு நீர் இல்லை. ஒரு விரற்கடை ஏறினால் முழுதாகப் பாயும். பாய்கிற ஏரியைப் பார்த்து உள்ளே மட்டம் கலிங்குக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கிறதா ஓராள் மேலே இருக்கிறதா என்று வெளியே நிற்பவரால் சொல்ல முடியாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளந்தேன். கூடத்துத் துளையில் முதல் இரண்டு தொகுப்புகள் சுமார் 35 டெசிபெல் மைக்ரோவோல்ட்; அலையின் வலிமையைச் சொல்லும் அலகு அது. மூன்றாவது 23. அங்கே பயன்படுத்திய டி2 அமைப்புக்கு அலை இரைச்சலைவிட 20 டெசிபெல் அளவுக்கு மேலே நிற்க வேண்டும். பாக்ஸின் சொந்த இரைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டால் 31 அளவில் கலிங்கு. ஆக முதல் இரண்டுக்கும் கையிருப்பு வெறும் 4. காற்றில் ஆன்டெனா ஆடினாலோ மோட்டார் ஒரு பொறி கிளப்பினாலோ அது கரைந்துவிடும். மூன்றாவது தொகுப்பு கலிங்குக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது.

பூஸ்டர் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அதைக் கூடத்துத் திரைக்குப் பின்னால், கம்பியின் கடைசி முனையில் வைத்திருந்தார்கள். பாக்ஸின் மெனுவில் இரண்டு பட்டைகள் இருக்கும்: அலையின் வலிமை, அலையின் தரம். பூஸ்டரைப் போட்டதும் வலிமைப் பட்டை கிட்டத்தட்ட முழுதும் நிறைந்தது. தரப் பட்டை அசையவில்லை. வழியில் இழந்ததைக் கடைசியில் நின்று மீட்க முடியாது. அலையோடு அதில் ஏறியிருக்கும் இரைச்சலையும் பூஸ்டர் அதே அளவு தூக்கிவிடுகிறது, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்கிறது. பூஸ்டர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே அது ஆன்டெனாவுக்கு அருகில், கம்பி அலையைத் தின்னத் தொடங்குவதற்கு முன் இருக்க வேண்டும். இரண்டு பட்டைகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: தரம்.

கூரையில்

மேலே ஏறி ஆன்டெனாவின் வாயிலேயே கருவியை வைத்தேன். முதல் இரண்டு தொகுப்புகள் 58, மூன்றாவது 46. ஸ்பிளிட்டருக்குள் நுழையும் இடத்தில் மறுபடி அளந்தால் 44, 32. பதினைந்து மீட்டர் கம்பி 14 டெசிபெல் விழுங்கியிருந்தது. கூரையில் பிடித்த திறனில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்தது என்று பொருள். நல்ல கம்பியாக இருந்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும்.

காரணம் கண்ணெதிரே இருந்தது. கம்பம் வளையும் இடத்தில் மேலுறை வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, செப்புப் பின்னல் பச்சை பூத்திருந்தது. கத்தியால் அரை மீட்டர் கீழே கீறிப் பார்த்தேன், அங்கும் கறுப்பு. நீர் உள்ளே ஒரு முறை இறங்கினால் பின்னல் வழியாகவே ஊர்ந்து நெடுந்தூரம் போகும். முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போடுவது பயன்படாது. முழுக் கம்பியையும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது தொகுப்பு ஆன்டெனா வாயிலேயே 12 டெசிபெல் குறைவாக இருந்ததற்குக் கம்பி காரணமல்ல. இந்த ஆன்டெனா 21 முதல் 37 வரையான தடங்களுக்கென்று செய்த யாகி வகை. அனலாக் காலத்தில் ஒரே கோபுரத்தின் அலைகள் அருகருகே இருந்ததால், அந்தக் குறுகிய பகுதியில் மட்டும் நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனாக்களைச் செய்தார்கள். தன் எல்லைக்குள் யாகி சிறப்பாகப் பிடிக்கும். மேல் எல்லையைத் தாண்டினால் சடாரென்று விழும். 46ஆம் தடம் அதற்கு வெளியூர்.

‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று ஒன்று இல்லை. ஆன்டெனாவுக்கு அலையின் அதிர்வெண்ணும் திசையும் தண்டுகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்பதும்தான் தெரியும். அலையில் ஏறியிருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்பது தெரியாது. அமெரிக்க மாற்றத்தில் இதற்கு நேர்மாறான பாடம் கிடைத்தது. டிஜிட்டல் என்றாலே யு.எச்.எஃப். என்று நம்பி, அதைவிடத் தாழ்ந்த அதிர்வெண்களுக்கான, நீண்ட தண்டுகள் கொண்ட வி.எச்.எஃப். ஆன்டெனாக்களைப் பலர் கழற்றிவிட்டார்கள். 2009 ஜூனில் பிலடெல்பியாவில் 6ஆம் தடத்திலும் சிகாகோவில் 7ஆம் தடத்திலும் நிலையங்கள் டிஜிட்டலை வி.எச்.எஃப்.பில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, அதுவரை பார்த்து வந்த பலருக்கு அந்தச் சேனல் காணாமல் போனது. ஆன்டெனாவைத் தேர்ந்தெடுக்க உங்கள் கோபுரத்தின் தடப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். அட்டையில் உள்ள சொல் உதவாது.

அவர்கள் வாங்கியிருந்த உள்ளறை ஆன்டெனாவையும் கூடத்தில் வைத்துச் சோதித்தேன். சுவர்கள் அலையைத் தடுத்தன. ஜன்னலோரம் முதல் தொகுப்பு மட்டும் வந்தது. யாராவது குறுக்கே நடந்தால் போய்விட்டது. கோபுரம் அருகில் உள்ள வீடுகளில் அது நன்றாகவே பயன்படும். இங்கே இல்லை.

என்ன மாற்றினோம்

470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை சமமாகப் பிடிக்கும் லாக் பீரியாடிக் ஆன்டெனா ஒன்றை அதே கம்பத்தில், அதே திசையில் பொருத்தினேன். 862 வரை பிடிக்கும் ஆன்டெனாக்கள் இன்னும் விற்கப்படுகின்றன. முன்பு அது தொலைக்காட்சியின் எல்லை. பல நாடுகளில் அந்த மேல்பகுதி இப்போது கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அருகில் கைபேசிக் கோபுரம் இருந்தால் அந்த அலையையும் உள்ளே அழைத்து ட்யூனரைத் திணறடிப்பதில் லாபமில்லை.

கம்பி: 75 ஓம், ஆர்.ஜி.6 வகை, படலமும் பின்னலும் என இரட்டைக் கவசம் உள்ளது. முனைகளில் திருகும் எஃப் கனெக்டர், அதன்மேல் நீர் புகாத நாடா. வீட்டுக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட்டேன். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. பிளாஸ்டிக் ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு உலோக உறையுள்ளதை வைத்தேன். மூன்றாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு வழிக்கும் சுமார் 6 டெசிபெல் குறையும். அது இயற்கை, எந்த ஸ்பிளிட்டராலும் தவிர்க்க முடியாது.

புதிய ஆன்டெனா வாயில் 56, 56, 55. முதல் இரண்டு தொகுப்புகளில் பழைய யாகியைவிட 2 குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அகலமாகப் பிடிப்பதற்கு அது கொடுக்கும் விலை. கூடத்துத் துளையில் மூன்று தொகுப்புகளும் 44 அளவில் வந்து நின்றன. எம்.இ.ஆர். என்று சொல்லும் தெளிவு அளவு 23இலிருந்து 32ஆக உயர்ந்தது. மூன்றாவது தொகுப்புக்கு முன்பு அது 12தான். கம்பி நீளமாக ஓடும் பெரியவரின் அறையில் 43. கலிங்குக்கு மேலே 12, 13 டெசிபெல் நீர் நிற்கிறது, பூஸ்டர் தேவைப்படவில்லை. அது கடைக்குத் திரும்பியது.

மோட்டார் தொல்லை மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சுவர்த் துளையிலிருந்து பாக்ஸுக்குப் போகும் சிறிய கம்பி, கவசமே இல்லாத மெல்லிய வகை. ஒன்றரை மீட்டர்தானே என்று யாரும் பொருட்படுத்துவதில்லை. மோட்டாரின் பொறி நுழைவது அங்கேதான். ஆர்.ஜி.6இலேயே ஒன்று செய்து போட்டதும் நின்றது.

அனலாக் நின்ற பிறகு டிஜிட்டல் அலையின் திறனைக் கூட்டுவார்களே, காத்திருந்தால் போதாதா என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. பிரிட்டனில் பல கோபுரங்களில் அப்படித்தான் செய்தார்கள். இங்கே அப்படியொரு அறிவிப்பு இல்லை. இருந்திருந்தாலும் நீர் புகுந்த கம்பி நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டேதான் போகும்.

பெரியவரின் அறை

ஏவி துளைகள் இருந்ததால் இணைப்பு எளிது. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. பாக்ஸின் மெனுவில் திரை வடிவத்தை 4:3 என்று மாற்ற வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் முகங்கள் நீண்டு தெரியும். அந்த அறையில் இரண்டே மின்துளைகள். தொலைக்காட்சி, ரெக்கார்டர், பாக்ஸ் என்று மூன்றுக்கும் நீட்டிப்புப் பலகை ஒன்று வாங்க வேண்டியிருந்தது. வாங்கும் பட்டியலில் யாரும் எழுதாத பொருள் அது.

கடினமான பகுதி ரெக்கார்டர். அவர் மாலைச் செய்தியைப் பதிவுசெய்துகொண்டே வேறு சேனலில் இசை நிகழ்ச்சி பார்ப்பவர். ரெக்கார்டருக்குள் இருப்பது அனலாக் ட்யூனர். நான்கு வாரத்தில் அது குருடாகிவிடும். ஏவி வழியாக பாக்ஸின் படத்தை அதில் பதியலாம். ஆனால் பாக்ஸ் எந்தச் சேனலில் இருக்கிறதோ அதுதான் பதிவாகும், அதையேதான் அவரும் பார்க்க வேண்டும். ஒன்றைப் பதிந்துகொண்டு இன்னொன்றைப் பார்க்க இரண்டு ட்யூனர் வேண்டும். எத்தனை திரை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எத்தனை ட்யூனர் வேண்டும் என்பதை வீட்டாரின் பழக்கத்தைக் கேட்டால்தான் தெரியும். இரட்டை ட்யூனரும் உள் வன்தட்டும் கொண்ட டி2 பதிவுப் பெட்டி ஒன்றைப் பெரியவர் அறைக்கு வாங்கினோம். அங்கிருந்த எளிய பாக்ஸ், மாடுலேட்டரோடு மாடிக்குப் போனது.

இரண்டு ரிமோட் என்பது அவருக்குப் பெரிய தொல்லை. தொலைக்காட்சியை எப்போதும் ஏவியிலேயே விட்டுவிட்டு, அதன் ஒலியையும் இயக்க நிறுத்தத்தையும் புதிய பதிவுப் பெட்டியின் ரிமோட்டுக்கே கற்றுக்கொடுத்தேன். பழைய ரிமோட்டை மகள் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை பகுதி பகுதியாக மாற்றம் நடந்தபோது, 75 வயது கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் தனி உதவித் திட்டம் இருந்தது. பாக்ஸ், பொருத்துதல், தேவைப்பட்டால் ஆன்டெனா, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல் எல்லாம் அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதையும் உபகரணக் கணக்கில் சேர்த்தார்கள் பாருங்கள், அதுதான் சரி. நானும் அன்று ஆன்டெனாவுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியை அந்த ரிமோட்டுக்குச் செலவிட்டேன்.

மாடிப் பெட்டிக்கு பாக்ஸும் மாடுலேட்டரும் சேர்த்து இரண்டு அடாப்டர், மூன்று கம்பி, ஒற்றை ஒலி. அதை ஓய்வுக்கு அனுப்பலாம் என்பதே என் கருத்து. அவர்கள் வைத்துக்கொண்டார்கள், படம் குறையில்லாமல் வருகிறது.

நான்கு வாரம் கழித்து

அனலாக் நின்ற மறுநாள் காலை தொலைபேசி வந்தது. சேனல்களில் ஒரு பகுதி காணவில்லை. எதிர்பார்த்ததுதான்: காலியான இடத்தைப் பயன்படுத்தி மூன்றாவது தொகுப்பை 46ஆம் தடத்திலிருந்து 33க்கு நகர்த்தியிருந்தார்கள். பாக்ஸ் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். மறுதேடல் செய்தால் போதும். அகலமாகப் பிடிக்கும் ஆன்டெனா என்பதால் கூரையில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மகளிடம் சொல்லத் தொடங்கியபோது பின்னாலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. “என் அறையில் நேற்றிரவே தேடவைத்துவிட்டேன் தம்பி. எல்லாம் வந்துவிட்டது. இவர்களுக்குத்தான் வரவில்லை.”

பெருமழை ஓய்ந்த பிறகு ஒரு முறை போய் அளந்தேன். கூடத்தில் 44, தெளிவு 32.